ஒன்று ஐம்பதுக்கு எரிந்த வாசல் விளக்கு

தகடு விழும்போது 'டக்' என்று கேட்கும். பெரிய சத்தமில்லை, புளியங்கொட்டை ஒன்று பலகைமேல் விழுந்தால் எழுமே, அவ்வளவுதான். ஆனால் ஆவுடையம்மாளின் காதில் அது நாற்பத்தைந்து வருடமாக விழுந்துகொண்டே இருக்கிறது. சங்கரன்கோவில் தொலைபேசி நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஊரில் யாராவது தங்கள் வீட்டுப் போனின் கைப்பிடியைச் சுற்றினால், நிலையத்துப் பலகையில் அந்த வீட்டு எண்ணுக்கு நேரே இருக்கும் சின்னப் பித்தளைத் தகடு கழன்று விழும். பேசப்போவது யார், யாரிடம், நல்ல சேதியா கெட்ட சேதியா, எதுவும் அந்தத் தகட்டுக்குத் தெரியாது. இந்த வீட்டில் ஒருவருக்கு இன்னொருவர் வேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அது தொங்கிக்கொண்டிருக்கும், ஆவுடை கம்பியைச் செருகி இணைப்புக் கொடுக்கும்வரை.

அதனால்தான், அறுபத்தெட்டாவது வயதில் ஓடைத் தெருவிலுள்ள அவள் வீட்டு வாசலுக்கு மேலே கேமரா வந்து உட்கார்ந்தபோது, தெருவில் மற்றவர்கள் அதைச் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்க்க, அவள் மட்டும் கூட வேலை பார்த்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மகள் செண்பகம் புனேயிலிருந்து ஏற்பாடு செய்தது. அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கிறாள், முழங்கால் வலியோடு யார் யாருக்கோ எழுந்து வந்து கதவு திறக்கிறாள் என்று அவளுக்குக் கவலை. பொருத்த வந்தவன் இசக்கிமுத்து, நாற்பது வயதுக்காரன். ஊரில் பாதி வீடுகளுக்கு மின்வேலை பார்ப்பவன். கேமரா, வாசல் விளக்கு, முன்னறை அலமாரிமேல் வைத்த பேசும் பெட்டி, ஆவுடையின் போன் நான்கையும் அவன் ஒன்றோடொன்று பேசவைத்தான். வாசலில் அசைவு தெரிந்தால் கேமரா கண்டுகொள்ளும், விளக்கு தானாக எரியும், பெட்டி 'வாசலில் ஆள் வந்திருக்கிறார்' என்று பெண் குரலில் சொல்லும், போனில் படம் வந்து நிற்கும்.

"எக்கா, இனிமே நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு வர வேண்டாம். அதுவே சொல்லிரும்" என்றான் இசக்கிமுத்து.

ஆவுடை தலையைச் சாய்த்து அந்தக் குரலை மூன்று தடவை கேட்டாள். "குரல் நல்லாருக்கு. 'ஆள்'ங்கதுக்கு முன்னால தேவையில்லாம மூச்சு வாங்குதா. அத மட்டும் திருத்திட்டா எங்க காலத்துல உடனே வேல கெடச்சிருக்கும்."

முதல் வாரம் பெட்டி ஓயாமல் பேசியது. ஓடைத் தெருவில் நாய்கள் ஒன்பது, கோழிகள் கணக்கில்லை. எது வாசலைத் தாண்டினாலும் பெட்டி மரியாதை குறையாமல் 'ஆள் வந்திருக்கிறார்' என்றது. அதிலும் மதியம் ஒன்று ஐம்பதுக்கு, நாள் தவறாமல், பட்டப்பகலில் வாசல் விளக்கு எரியும். போனில் படத்தைப் பார்த்தால், அடி ஓரத்தில் வெள்ளையும் சாம்பலுமாகத் தாழ்வாக ஏதோ ஒன்று, நாயின் முதுகுபோல. சரியாக அவள் சோற்றில் கை வைக்கிற நேரம்.

"அந்த நாய மொதல்ல நிறுத்துப்பா" என்றாள் இசக்கிமுத்துவிடம்.

அவன் போனை வாங்கி, திரையில் தெரிந்த வாசல் படத்தின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோட்டுக்குக் கீழே, இடுப்பு உயரத்துக்குள் எது அசைந்தாலும் கேமரா பதிந்துகொள்ளும், ஆனால் யாருக்கும் சொல்லாது. அன்றிலிருந்து நாய்கள் நாய்களாகப் போயின, ஒன்று ஐம்பதுக்கு விளக்கு எரியவில்லை, ஆவுடை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மற்றது தெரியவந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் பெட்டி அழைத்தது. போனில் அடுத்த வீட்டு மாடத்தி நிற்கிறாள், இரண்டு கையிலும் முழங்கைவரை உளுந்து மாவு. ஆவுடை போய்க் கதவைத் திறந்தால் வாசலில் வெயில்தான் நின்றது. சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு மாடத்தி வந்தாள்.

"காலையில வந்துட்டு ஏம்ளா திரும்பிப் போயிட்ட?"

"நான் எங்க வந்தேன்? வரணும்னு நெனச்சேன்க்கா. மாவு ஆட்டிக்கிட்டு இருந்தனா, அப்படியே விட்டுப்போச்சு."

ஆவுடை படத்தைக் காட்டினாள். மாடத்தி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "தோள்ல கிழிஞ்சிருக்கது இம்புட்டுத் தெளிவா தெரியுதே, நாளைக்கு வேற நைட்டி போட்டுட்டு நெனைக்கேன்" என்று சொல்லி, கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போனாள்.

இசக்கிமுத்து வந்து ஏணி போட்டு ஏறி, கேமராவைத் துடைத்து, கம்பிகளை ஆட்டிப் பார்த்து இறங்கினான். "எக்கா, வாரவுகளப் பாக்கது எல்லாக் கேமராவும் பாக்கும். இது வரணும்னு நெனைக்கவுகளையும் பாக்குது. கோளாறு ஒண்ணுமில்ல" என்றான். அவன் சொன்னதில் எல்லாருக்கும் திருப்தி. மழைக்கு முன்னால் எறும்புக்குத் தெரிகிறது, பஸ் வருவது தண்டோரா போடாமலே டீக்கடைக்காரனுக்குத் தெரிகிறது, ஒரு கேமராவுக்குத் தெரிந்தால் என்ன என்று ஓடைத் தெரு அதை ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டபிறகு தெருவின் பேச்சே மாறிவிட்டது. நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது முதலில் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு, 'வரணும் வரணும்னுதான் இருந்தேன்'. அதைச் சொல்லுகிறவரும் நம்புவதில்லை, கேட்கிறவரும் நம்புவதில்லை, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். இப்போது அந்த வார்த்தை வாயைவிட்டு வந்ததும், "டெலிபோன் அக்கா வீட்டுக் கேமராவுல பாத்துருவமா?" என்று யாராவது கேட்டார்கள். ஆவுடையின் கணவர் இறந்தபோது துக்கம் கேட்க வராத சொந்தக்காரர்கள், அவள் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது எட்டிப் பார்க்காத பழைய அலுவலகத்துக்காரர்கள், ஒவ்வொருவராகப் படத்தில் வந்து நின்றார்கள், தறிக்குழியிலிருந்து எழுந்த கோலத்தில், பஸ் ஓட்டும் காக்கிச் சட்டையில், குழந்தைக்குச் சோறூட்டும் கிண்ணத்தோடு, தலைக்குச் சாயம் பூசி அது காயாத தலையோடு. கேட்டின் கொண்டி திறக்காது, செருப்புச் சத்தம் கேட்காது, ஒரு நிமிடம் நிற்பார்கள், ஏதோ வேலை வந்து இழுத்ததுபோல மறைவார்கள். தெரு மக்களை ஆச்சரியப்படுத்தியது கேமரா அல்ல, இதுதான்: அந்த வார்த்தை பெரும்பாலும் உண்மையாக இருந்தது. இத்தனை காலம் பொய்யென்று தள்ளிய எத்தனையோ பேர் நிஜமாகவே வர நினைத்திருக்கிறார்கள், முந்தானையைச் சரிசெய்திருக்கிறார்கள், வாசற்படிவரை மனசு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அதைக் கண்டபிறகு ஓடைத் தெருவில் சண்டைகள் குறைந்தன என்று சொன்னால் மிகை, ஆனால் சண்டை போடும்போது குரல் சற்றுத் தாழ்ந்தது.

ஒரே குறை, கேமரா அந்த ஒரு வாசலுக்கு வர நினைப்பவர்களை மட்டும்தான் காட்டும். அதற்கும் மாடத்தி வழி கண்டாள். அவள் மகன் சுடலை மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் சமையல்காரன், மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. "ஏலே, ஊருக்கு வந்தா நேரா டெலிபோன் அக்கா வீட்டுக்கு வா. நான் அங்கதான் இருப்பேன். நல்லா மனசுல வச்சுக்க, பச்சைக் கேட்டு" என்று போனில் சொல்லிவைத்தாள். மறுநாள் சாயங்காலமே பச்சைக் கேட்டுக்கு வெளியே சுடலை நின்றான், வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் கையில் கரண்டியுமாக. மெலிந்திருந்தான். மாடத்தி போனைக் கையில் வாங்கி, "முடி வெட்டச் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள். படம் மறைந்தபிறகும் போனைத் திருப்பித் தரவில்லை. அதன்பின் துபாய், சிங்கப்பூர், திருப்பூர், எங்கெங்கோ இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பச்சைக் கேட்டின் அடையாளம் சொல்லப்பட்டது. சாயங்காலங்களில் ஆவுடையின் முன்னறையில் தாய்மார் பாய்விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள், பீடி சுற்றினார்கள், பெட்டி பேசும் என்று காத்திருந்தார்கள். கோயில் யானைகூட இரண்டு வெள்ளிக்கிழமை வந்து படம் முழுக்க நிறைந்து நின்றது. முழங்கால் வலிக்கு முன்னால் ஆவுடை அதற்கு வாரம் ஒரு அச்சு வெல்லம் கொடுப்பாளாம். சேதி கேட்டு பாகன் மூன்றாவது வெள்ளிக்கிழமை அதை நிஜமாகவே கூட்டிவந்துவிட்டான்.

ஆவுடைக்கு இதிலெல்லாம் பெருமைதான். கேமராவைத் தினமும் ஒட்டடைக் கம்பில் துணி சுற்றித் துடைப்பாள். "நாங்களாவது கைப்பிடிய சுத்துனாத்தான் எடுப்போம், இவ சுத்தணும்னு நெனச்சாலே எடுத்துருதா" என்பாள். ஆனால் எல்லாரும் எழுந்து போனபிறகு, அன்று வந்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். யாருக்கும் சொல்லாமல் அவள் தேடிய முகம் ஒன்று இருந்தது. எட்டு மாதத்தில் ஊரே வந்து நின்றது, யானை வந்து நின்றது. சண்முகவடிவு மட்டும் வரவில்லை.

வடிவும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காலை நேரம் ஆவுடைக்கு, இரண்டு மணியிலிருந்து வடிவுக்கு. செண்பகம் பிறந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நிலையத்திலேயே சேலையில் தொட்டில் கட்டிப் போட்டிருந்த நாட்களில், வடிவு தினமும் ஒன்று ஐம்பதுக்கே வந்து நிற்பாள். "எந்திரிளா, பிள்ளைக்குப் பசிக்கும்" என்று ஆவுடையின் தலையிலிருந்து கேட்புக் கருவியைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொள்வாள். ஆவுடைக்கு இரண்டு நேர வேலையும் சேர்ந்து விழும் நாளில், பக்கத்தில் உட்கார்ந்து வடிவே கைகளால் ஊருக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே ஒரு காலால் தொட்டிலை ஆட்டுவாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஊருக்கெல்லாம் லைன் குடுத்து என் லைன் பிஸியாயிட்டு" என்பாள். பிறகு ஆளில்லாமல் ஓடும் இயந்திரம் வந்தது, பலகையைக் கழற்றினார்கள், வடிவைப் புளியங்குடிக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் அவர்கள் தினமும் அலுவலகப் போனில் பேசிக்கொண்டார்கள், போய்ப் பார்க்கவில்லை. குரலே போதுமாக இருந்தது, அதுதானே அவர்கள் தொழில்.

அந்தப் பழக்கத்தில்தான் ஆவுடை அந்தப் பிசகைச் செய்தாள். செண்பகத்தின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை வைத்து வீடு வீடாக ஏறி நேரில் அழைத்தவள், வடிவை மட்டும் போனில் அழைத்தாள். அலட்சியம் இல்லை, நெருக்கம். வேறு யாருக்கும் போன் போதாது, வடிவுக்குப் போதும் என்று நினைத்தாள்.

"ஊருக்கெல்லாம் தட்டு, எனக்குக் கம்பியா?" என்றாள் வடிவு. உடனே, முன்பின் தெரியாத சந்தாதாரரிடம் பேசும் குரலில், "சரிங்க, தகவல் கெடச்சுதுங்க" என்று வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு வரவில்லை. பத்தொன்பது வருடம் ஆயிற்று. முதலில் ஆவுடைக்குக் குற்றமாக இருந்தது, பிறகு கோபமாக இருந்தது, பிறகு அது என்னவென்று பெயரில்லாமல் உள்ளே கிடந்தது. கேமரா வந்தபிறகு அதற்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. ஒரு நாள், ஒரு நிமிடம் அவள் வர நினைத்திருந்தால்கூட இது காட்டியிருக்குமே. காட்டவில்லை என்றால் அவள் நினைக்கவே இல்லை.

அப்படித்தான் ஆவுடை முடிவுகட்டியிருந்தாள், மாடத்தி தன் பேத்திக்காக வந்து இசக்கிமுத்துவைப் பிடித்துக்கொள்ளும்வரை. மாடத்தியின் மகள் திருப்பூரில் இருக்கிறாள், அவள் குழந்தைக்கு ஒரு வயது, தவழ்கிறது.

"பெரியவுக எல்லாம் வாராவ, என் பேத்தி மட்டும் வரமாட்டுக்கா. ஆச்சிய நெனைக்கலியாக்கும்?"

"நெனைச்சாலும் தெரியாது அத்தை. நாயிக்குன்னு கீழ மறைச்சு வச்சிருக்கம்லா" என்றான் இசக்கிமுத்து. "தவழுத பிள்ள அந்தக் கோட்டுக்குள்ளதான் வரும்."

"அப்ப கோட்ட அழி. நாய் வந்தா வந்துட்டுப் போவுது."

அவன் அழித்தான். மதியம் ஒன்றே முக்காலுக்குப் பெட்டி சொன்னது, 'வாசலில் ஆள் வந்திருக்கிறார்'. திருப்பூர்ப் பேத்தி நாலு காலில் வந்து, கேட்டைப் பிடித்து எழுந்து நின்று, பொத்தென்று உட்கார்ந்து மறைந்தது. மாடத்தி கைகொட்டினாள், தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், ஒன்று ஐம்பதுக்கு, வாசல் விளக்கு மறுபடி எரிந்தது.

படத்தின் அடி ஓரத்தில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு தலை. இசக்கிமுத்து போனிலிருந்தே கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பினான். ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி, அமர்ந்தபடியே நகர்ந்து வந்தாள், இடுப்புக்குக் கீழே அவளுக்குச் சொந்தமில்லாததுபோல. கேட்டுக்கு முன்னால் வந்ததும், தலைக்கு மேலே இருந்த கொண்டியை அண்ணாந்து பார்த்தாள். கை எட்டவில்லை. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மறைந்தாள்.

"யாருக்கா அது?" என்றாள் மாடத்தி.

"நாய்னு சொன்னம்லா, அது" என்றாள் ஆவுடை.

கோட்டுக்குக் கீழே நடந்ததைக் கேமரா சொல்லவில்லையே தவிர, பதிந்துதான் வைத்திருந்தது. இசக்கிமுத்து பழைய பதிவுகளைத் திறந்தான். முப்பது நாளுக்கு மேல் அதில் தங்காது. அந்த முப்பது நாளும், ஒன்று ஐம்பதுக்கு, ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல், சண்முகவடிவு கையூன்றி வந்து கொண்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். மழை பெய்த நாளில் அவள் நனையவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆவுடை பீரோவின் அடித்தட்டைத் துழாவினாள். கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளில் ஒன்று புடவைக்கு அடியில் மஞ்சள் மங்காமல் கிடந்தது. தாம்பாளத்தைத் துலக்கி, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், குங்குமச் சிமிழ் வைத்து, மேலே பத்திரிகையை வைத்தாள்.

"போன் போட்டுட்டுப் போங்கக்கா, இருக்காவளோ என்னவோ" என்றாள் மாடத்தி.

"போன்லதான்ளா கெட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, தாம்பாளத்தைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு ஆவுடை புளியங்குடி பஸ்ஸில் ஏறினாள். வலிக்கிற முழங்காலோடு அவள் தனியாக பஸ் ஏறி ஆறு வருடம் ஆகியிருந்தது.

எலுமிச்சைச் சந்தைக்குப் பின்னால் வடிவின் தம்பி வீடு. பின்கட்டு அறையில், சன்னலோரம், தரையில் உட்கார்ந்து வடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, சேர்ந்தது சரியாகச் சேரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடை வலியோடு மெல்லத் தரையில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"செண்பகத்துக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நீ அவசியம் வரணும்."

வடிவு பத்திரிகையை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "முகூர்த்தம் ஏழரையிலருந்து ஒம்பதுன்னு போட்டுருக்கு."

"ஆமா."

"தேதியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பத்தொம்பது வருசம் கழிச்சு வந்து கூப்பிடுதியே, இப்பம் நான் எந்தப் பட்டக் கட்டிட்டு வர?"

"கட்டியிருக்கதே போதும்."

வடிவு குங்குமச் சிமிழைத் திறந்து, கண்ணாடி இல்லாமலே நெற்றியின் நடுவில் சரியாக வைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு எத்தன பிள்ளைக?"

"ரெண்டு. மூத்தவளுக்குப் பதினாறு." ஆவுடை தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். "தெனம் ஒண்ணு அம்பதுக்கு என் வாசலுக்கு வாரியேளா."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"கேமரா."

வடிவுக்கு அதில் வியப்பொன்றும் இல்லை, இத்தனை காலம் ஊரின் பேச்சையெல்லாம் கடத்தியவள். "டூட்டிக்கு நேரமாயிட்டு, அவ பிள்ளைக்குப் பசிக்கும்னு தோணும். எந்திரிக்கப் பாப்பேன். முடியாது. பொறவு அடங்கிரும்" என்றாள். கீரைக் கட்டின் பாதியை ஆவுடையின் பக்கம் தள்ளினாள். இருவரும் ஆய்ந்தார்கள்.

எழுந்திருக்கும்போது ஆவுடை கேட்டாள், "வருவியா மாட்டியா?"

"தகவல் கெடச்சுதுளா. போ" என்றாள் வடிவு.

அடுத்த வாரம் இசக்கிமுத்து வந்து கேட்டின் கொண்டியைக் கழற்றி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்துப் பூட்டினான். ஆவணி பிறந்ததும் வடிவு துணிமூட்டையோடு ஒரு காரில் வந்து இறங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து, கொண்டியைத் தன் கையால் திறந்து உள்ளே வந்தாள். பெட்டி 'வாசலில் ஆள் வந்திருக்கிறார்' என்றது. "ஆளுக்கு முன்னால ஏன் மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள் வடிவு.

பிறகு ஒன்று ஐம்பதுக்கு விளக்கு எரியவில்லை. அந்த நேரத்தில் முன்னறையில் வடிவு, "எந்திரி, நேரமாயிட்டு" என்று ஆவுடையின் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்வாள். காலையிலிருந்து மதியம்வரை வாசலைப் பார்ப்பது ஆவுடை, அதன்பின் பொழுது சாயும்வரை வடிவு. மஸ்கட்டிலிருந்து நினைத்தவன், திருப்பூரிலிருந்து நினைத்தது, யார் எந்நேரம் வந்து எப்படி நின்றார்கள் என்று தாய்மாரிடம் தெளிவான குரலில் எடுத்துச் சொல்வார்கள். சுடலை அந்தத் தையில் நிஜமாகவே வந்தான், முடி வெட்டிக்கொண்டு.

கொண்டி இப்போதும் இரண்டடி உயரத்தில்தான் இருக்கிறது. சண்முகவடிவு அந்த வீட்டில் நாலு வருடம் இருந்தாள். ஐந்தாம் வருடம் மாசி மாதம், செண்பகம் புனேயிலிருந்து வந்து பக்கத்தில் இருக்கும்போது, இறந்துபோனாள்.